சட்டியா, அகப்பையா: ஸ்காண்டிநேவிய வளம் எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: “ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் வரி மிக அதிகம். படிப்பு, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்கிறது. இருந்தும் பணக்கார நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்கின்றன. அப்படியானால் மக்கள் நல அரசுதான் வளத்தை உண்டாக்குகிறது என்று சொல்லலாமா?”

சொல்ல முடியாது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே அந்த வாதம் நிற்காது. நல அரசு வளத்தைக் கெடுத்தே தீரும் என்ற எதிர்வாதமும் அதே ஆண்டுகளைப் பார்த்தால் நிற்காது. மூன்று நாடுகளையும் ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம் பாதி வருகிறது. அதனால் ஸ்வீடனை விரிவாகவும் மற்ற இரண்டைத் தேவையான அளவுக்கும் பார்ப்போம்.

1867 முதல் 1869 வரை ஸ்வீடனில் பஞ்சம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1920கள் வரை சுமார் 12 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1900இல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 51 லட்சம்தான். அப்படிப்பட்ட நாடு அடுத்த நூறு ஆண்டுகளில் உலகிலேயே வேகமாக வளர்ந்த ஓரிரு நாடுகளில் ஒன்றானது. அதற்கான வேலை முன்பே தொடங்கியிருந்தது. 1842இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1846இல் கைவினைக் குழுக்களின் ஏகபோகம் ஒழிந்தது. 1864இல் யாரும் எந்தத் தொழிலையும் தொடங்கலாம் என்ற சுதந்திரம் முழுமையானது. யோஹன் ஆகஸ்ட் கிரிப்பன்ஸ்டெட் நிதியமைச்சராக இருந்த காலத்தில் சுங்கத் தடைகள் தளர்ந்தன, ரயில் பாதைகள் நீண்டன. மரமும் இரும்பும் ஏற்றுமதியாயின. எரிக்சன் 1876, பாலாடை பிரிக்கும் இயந்திரத்தில் பிறந்த ஆல்ஃபா லாவல் 1883, பால்பேரிங் செய்யும் எஸ்கேஎஃப் 1907, வால்வோ 1927. இரண்டு உலகப் போர்களிலும் ஸ்வீடன் இறங்கவில்லை. 1945இல் ஐரோப்பா இடிபாடுகளில் கிடந்தபோது இந்த ஆலைகள் முழுதாக நின்றன.

1950இல் ஸ்வீடனின் மொத்த வரி ஜிடிபியில் (நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தியில்) ஏறக்குறைய 20%. அன்றைய அமெரிக்காவைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. அதாவது, ஏழை நாடு பணக்கார நாடானது குறைந்த வரிக் காலத்தில். சட்டியில் இருந்தது, பிறகு அகப்பையில் வந்தது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தக் காலத்திலும் அரசு கைகட்டி நிற்கவில்லை. தொடக்கப் பள்ளி அரசின் வேலை. எல்லாக் குடிமக்களுக்குமான ஓய்வூதியச் சட்டம் 1913லேயே வந்துவிட்டது. சிறிய அரசு, ஆனால் செய்ததை உருப்படியாகச் செய்த அரசு.

பெரிய நல அரசு 1960களிலும் 70களிலும்தான் கட்டப்பட்டது. 1990 வாக்கில் வரி ஜிடிபியில் பாதியைத் தொட்டது. அந்த இருபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் கேள்விக்கான நேரடிச் சோதனை. 1970இல் தனிநபர் வருமானத்தில் வளர்ந்த நாடுகளின் வரிசையில் 4ஆம் இடத்தில் இருந்த ஸ்வீடன், 1990களின் நடுவில் 14ஆம் இடத்துக்கு இறங்கியது. புதிதாக வந்த வேலைகளில் பெரும்பங்கு நகராட்சிகளிலும் மாகாணங்களிலும். ஐக்கியா (IKEA) மரச்சாமான் நிறுவனத்தைத் தொடங்கிய இங்வர் கம்ப்ராட் 1973இல் டென்மார்க்குக்கும் பிறகு ஸ்விட்சர்லாந்துக்கும் போனார். 1976இல் குழந்தை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனுக்குக் கூடுதல் வருமானத்தின் மீது 102% வரி வந்தது. சுயதொழில் செய்வோருக்கான பங்களிப்பும் வருமான வரியும் சேர்ந்ததன் விளைவு அது. அவர் அதைக் கேலிக் கதையாக்கி நாளிதழில் எழுதினார். அவரே அப்போது ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி ஆட்சியை இழந்தது.

வரி விகிதம் வேலையை எப்படித் தின்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். இன்றைய விகிதங்களையே எடுத்துக்கொள்கிறேன், பின்னால் சொல்லும் கழிவுகளைச் சேர்க்காமல். ஸ்வீடனில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளர், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்க நினைக்கிறார். அவர் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்ததற்கு அவருடைய நிறுவனம் 100 குரோனா (ஸ்வீடன் நாணயம்) செலவிடுகிறது. அதில் முதலாளி கட்டும் சமூகப் பங்களிப்பு, சம்பளத்துக்கு மேல் சம்பளத்தின் 31.42%. அது போகச் சம்பளமாக 76 குரோனா கைமாறுகிறது. நகராட்சி வரி ஏறத்தாழ 32%, அதற்கு மேல் மத்திய அரசு வரி 20%, ஆக 52% போக மிச்சம் 36.50. இதை வெள்ளையடிப்பவரிடம் கொடுத்தால் அதற்குள் 25% வாட் (மதிப்புக்கூட்டு வரி) அடங்கியிருக்கிறது, போக 29.20. அவருக்கும் முதலாளிப் பங்களிப்பு உண்டு, அதைக் கழித்தால் 22.20. அவருடைய வருமான வரியும் போனால் கையில் நிற்பது 15 குரோனா.

100 கொடுத்ததில் 15. வெள்ளையடிப்பவர் அந்த வேலையில் பொறியாளரைவிடப் பல மடங்கு கைதேர்ந்தவராக இருந்தால்தான் ஆள் வைப்பது கட்டுப்படியாகும். இல்லையென்றால் பொறியாளர் விடுப்பு எடுத்துத் தானே தூரிகையைப் பிடிப்பார், அல்லது பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுப்பார். இரண்டுமே நடந்தன. 2007இல் அரசு வீட்டு வேலைகளுக்கு ஒரு வரிக் கழிவு கொண்டுவந்தது. வீடு துடைப்பது, தோட்ட வேலை போன்றவற்றில் கூலிப் பகுதியின் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். அடுத்து வீட்டுப் பழுதுபார்ப்புக்கும் கழிவு வந்தது. கறுப்பில் இருந்த வேலையில் கணிசமானது வெள்ளைக்கு வந்தது. மேலே போட்ட கணக்கு சரி என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

1980களின் இன்னொரு ஓட்டை வட்டிக் கழிவு. வீட்டுக் கடனுக்கு 12% வட்டி கட்டுகிறீர்கள், விலைவாசி ஆண்டுக்கு 8% ஏறுகிறது, கட்டிய வட்டியை 50% விகிதத்தில் வரியில் கழிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கழிவு போகக் கட்டிய வட்டி 6%தான், விலைவாசி ஏற்றத்தைவிடக் குறைவு. கடன் வாங்கியவருக்கு லாபம், சேமித்தவருக்கு நஷ்டம். 1985 நவம்பரில் வங்கிக் கடன் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். கடன் வெள்ளமாகப் பாய்ந்து நிலத்திலும் கட்டிடங்களிலும் போய்ச் சேர்ந்தது. மருத்துவ விடுப்பிலும் இதே கதை. 1987 டிசம்பரில் சம்பளமில்லாத முதல் நாளை நீக்கி, முதல் நாளிலிருந்தே 90% கொடுத்தார்கள். விடுப்பு எடுப்போர் பெருகினர். 1991இல் முதல் மூன்று நாட்களுக்கு 65% என்று குறைத்தவுடன் விடுப்பும் குறைந்தது. மக்கள் திடீரென ஆரோக்கியமாகிவிடவில்லை.

குமிழி உடைந்தது. 1991 முதல் 1993 வரை மூன்று ஆண்டுகளும் பொருளாதாரம் சுருங்கியது. வேலையின்மை 2%க்குக் கீழிருந்து 8%க்கு மேலே போனது. 1992 செப்டம்பரில் குரோனாவின் மதிப்பைக் காக்க மத்திய வங்கி வட்டியை 500% ஆக்கியது. நவம்பரில் கைவிட்டுவிட்டது. 1993இல் அரசுச் செலவு ஜிடிபியில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த நெருக்கடிக்கு நல அரசு மட்டும்தான் காரணம் என்பது மிகை. நிலைத்த நாணய மாற்று விகிதமும் வங்கிகளின் கண்மூடிக் கடனும் பங்காளிகள்தான். ஆனால் வண்டி பள்ளத்தில் விழுந்தபோது செலவு தானாக ஏறி, வரவு தானாக இறங்கி, பள்ளத்தை ஆழமாக்கியதில் நல அரசுக்குப் பங்கு உண்டு.

இன்று நாம் வியந்து பேசும் ஸ்வீடன் அதற்குப் பிறகு திருத்திக் கட்டியது. 1990–91 வரிச் சீர்திருத்தத்தில் கார்ப்பரேட் வரி 57%இலிருந்து 30% ஆனது. இன்று அது 20.6%. மூலதன வருமானத்துக்குத் தனியாக 30% நேர் வரி. வருமான வரியின் உச்சம் 50% அளவுக்கு இறங்கியது. வாட் விரிவானது. வாரிசு வரி 2004 இறுதியில் ஒழிந்தது, செல்வ வரி 2007இல். அரசுச் செலவுக்கு 1997 முதல் உச்சவரம்பு வந்தது. நாடாளுமன்றம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மொத்தத் தொகையை முடிவு செய்துவிடும், எந்த அமைச்சர் கூடுதலாகக் கேட்டாலும் அதே மொத்தத்துக்குள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் ஜிடிபியில் 70%ஐத் தாண்டிய அரசுக் கடன், இப்போது 35%ஐச் சுற்றி நிற்கிறது. இணையப் பணப் பட்டுவாடா நிறுவனம் கிளார்னா 2005, இணைய இசை நிறுவனம் ஸ்பாட்டிஃபை 2006. இரண்டும் இந்தத் திருத்தத்துக்குப் பின் வந்தவை. அதோடு, 1998இல் ஊழியர்கள் நிறுவனம் வழியாக வரிச் சலுகையில் வீட்டுக்குக் கணினி வாங்க வழிசெய்த திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று பல நிரலாளர்கள் சொல்வார்கள்.

இங்கேதான் பலர் தவறவிடும் இடம். ஸ்காண்டிநேவிய வரி பணக்காரர் தலையில் மட்டும் விழுவதில்லை. 40,000 குரோனா மாதச் சம்பளம் வாங்கும் சராசரி ஊழியரைப் பாருங்கள். நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு 52,568. அதில் முதலாளிப் பங்களிப்பு 12,568, வருமான வரி ஏறக்குறைய 9,000. மீதியைச் செலவிடும்போது வாட்டாக 4,000 முதல் 5,000 வரை. கூட்டினால் பாதி. அமெரிக்காவில் 37% உச்ச அடுக்கு தனிநபருக்கு ஆண்டு வருமானம் 6 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் தொடங்கும். ஸ்வீடனில் சராசரியைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்கும் செவிலியர் கண்காணிப்பாளரோ பொறியாளரோ உச்ச அடுக்கை எட்டிவிடுவார். உழைப்பும் நுகர்வும் நாட்டை விட்டு ஓடாது, மூலதனம் ஓடிவிடும். ஓடாததன் மேல் வரியைப் போட்டு ஓடுவதை மெல்ல விட்டிருக்கிறார்கள். “பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கும் மாதிரி” என்று மேடையில் பேசுவோர் இந்த ரசீதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வருமானத்தில் சமத்துவம் உள்ள அதே ஸ்வீடனில் சொத்தின் ஏற்றத்தாழ்வு ஐரோப்பாவிலேயே மிக அதிகமான ஒன்று.

அப்படியானால் நல அரசு வளத்துக்கு எதுவுமே தரவில்லையா? தந்திருக்கிறது, குறிப்பிட்ட சில இடங்களில். மிகத் தெளிவானது பெண்களின் வேலை. 1971 வரை கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டி வரி போட்டார்கள். மனைவி சம்பாதிக்கும் முதல் குரோனாவே கணவனின் உச்ச அடுக்கில் விழும். 1971இல் தனித்தனியாகப் பிரித்தார்கள். 1974இல் தாய் தந்தை இருவருக்குமான பெற்றோர் விடுப்பு வந்தது. இன்று குழந்தைக்கு 480 நாட்கள். அதில் 390 நாட்களுக்கு ஓர் உச்சவரம்புக்குள் சம்பளத்தின் சுமார் 80%, மீதி 90 நாட்களுக்கு நாளுக்கு 180 குரோனா. இருவருக்கும் தலா 90 நாட்கள் ஒதுக்கீடு, ஒருவர் எடுக்காவிட்டால் அது காலாவதி. ஒரு வயதிலிருந்து மழலையர் பள்ளி. 2002 முதல் கட்டணத்துக்கு வரம்பு: முதல் குழந்தைக்குக் குடும்ப வருமானத்தில் 3%, இரண்டாவதுக்கு 2%, மூன்றாவதுக்கு 1%, நான்காவதுக்குக் கட்டணமில்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் முதல் குழந்தைக்கு மாதம் சுமார் 1,700 குரோனாவுக்கு மேல் போகாது. விளைவு, வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 80% பேர் வேலையில். இந்தச் செலவு வரியாகத் திரும்பி வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, உதவி பெறுவதற்கு முன் வேலை வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன் சம்பளம் இல்லாதவருக்கு விடுப்புத் தொகை மிகச் சொற்பம். அதனால் முதலில் வேலை, பிறகு குழந்தை என்ற வரிசை தானாக வந்துவிட்டது.

டென்மார்க்கின் பங்களிப்பு வேறு. அங்கே ஆட்களை எளிதாக வேலையிலிருந்து நீக்கலாம். நீக்கப்பட்டவருக்கு வேலையின்மைக் காப்பீடு உண்டு, சம்பளத்தில் 90%. இதைப் படித்துவிட்டு “வேலை போனாலும் 90% சம்பளம்” என்று எழுதுவார்கள். காப்பீடு தானாக வராது, மாதம் 500 குரோன் (டென்மார்க் நாணயம்) அளவுக்குச் சந்தா கட்டி உறுப்பினராக இருக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு 2024இல் மாதம் சுமார் 20,000 குரோன். சராசரிச் சம்பளக்காரருக்கு அது பாதிகூட இல்லை. காலம் இரண்டு ஆண்டுகள்தான். 1990களின் தொடக்கத்தில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுக்க முடிந்தது, வேலையின்மையும் 10%ஐத் தொட்டது. காலத்தை நான்காகக் குறைத்து, பயிற்சிக்கு வராவிட்டால் தொகை நிற்கும் என்று கட்டாயமாக்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் வேலையின்மை ஏறக்குறையப் பாதியானது. 2010இல் காலம் இரண்டு ஆண்டானது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அங்கே இல்லை, ஸ்வீடனிலும் நார்வேயிலும் பொதுவாக இல்லை. தொழிற்சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். 2015இல் அமெரிக்க அரசியல்வாதிகள் டென்மார்க்கை சோஷலிச நாடு என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டுப் பிரதமர் லார்ஸ் லொக்கே ராஸ்முசன் ஹார்வர்டில் நின்று, எங்களுடையது சந்தைப் பொருளாதாரம் என்று திருத்தினார்.

நார்வேயை இந்த விவாதத்தில் ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். 1969இல் வட கடலில் எகோஃபிஸ்க் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் லாபத்தில் 78% வரி. பணம் அரசின் சேமிப்பு நிதியத்துக்குப் போகிறது, ஆண்டுக்கு அதில் சுமார் 3% மட்டும் பட்ஜெட்டுக்கு வரலாம். நிர்வாகத்துக்கு நார்வே பாராட்டுக்குரியது. நல அரசு வளம் தருமா என்பதற்கு அதில் விடை இல்லை.

“அந்த ஊர் மக்கள் நேர்மையானவர்கள், அதனால் வரி கட்டுகிறார்கள்” என்ற விளக்கமும் அடிக்கடி வரும். டென்மார்க் வரித்துறையோடு சேர்ந்து 40,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. முதலாளியும் வங்கியும் நேரடியாக வரித்துறைக்குத் தகவல் அனுப்பும் வருமானத்தில் ஏய்ப்பு அநேகமாக இல்லை. தானே கணக்குக் காட்ட வேண்டிய வருமானத்தில் தாராளமாக இருந்தது. அதே டேனிஷ்காரர்கள்தான். நேர்மையைவிடத் தாள்கள் பேசுகின்றன. ஸ்வீடனில் 2010 முதல் ரொக்க வியாபாரிக்குச் சான்று பெற்ற கல்லாப்பெட்டி கட்டாயம். 2019 முதல் ஒவ்வோர் ஊழியரின் சம்பள விவரமும் மாதாமாதம் பெயர்வாரியாக வரித்துறைக்குப் போகிறது. இந்த வலை இல்லாத நாடு ஸ்வீடனின் வரி விகிதத்தை மட்டும் நகலெடுத்தால் ஆட்கள் கறுப்புக்கு ஓடுவார்கள், வரவு வராது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டு “தனிநபர் வருமானம் அங்கேதான் அதிகம், பாருங்கள்” என்று சொல்வோருக்கு ஒரு திருத்தம். அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மணி நேரம் உழைக்கிறார், ஸ்வீடன்காரர் 1,450ஐ ஒட்டி, டேனிஷ்காரர் அதற்கும் கீழே. மணிக்கு எவ்வளவு விளைகிறது என்று பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். வேறுபாட்டில் ஒரு பங்கு வரி வேலையைக் குறைத்ததால், ஒரு பங்கு ஐந்து வார விடுமுறையை மக்கள் விரும்பியே எடுத்துக்கொண்டதால். இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று. டென்மார்க்கில் கல்லூரிக் கட்டணம் கிடையாது, வெளியே தங்கிப் படிப்பவருக்கு மாதம் 6,000 குரோனுக்கு மேல் உதவித்தொகை. அப்படியும் படிக்காத பெற்றோரின் பிள்ளை கல்லூரி முடிப்பதில் டென்மார்க் அமெரிக்காவை விட்டுப் பெரிதாக முந்தவில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஹெக்மனும் ராஸ்முஸ் லாண்டெர்சோவும் காட்டினார்கள். வருமானத்தில் ஏழைப் பிள்ளைகள் அங்கே அதிகம் ஏறுவதாகத் தெரிவதில் பெரும்பங்கு, வரியும் உதவித்தொகையும் வருமானத்தைச் சமன்செய்வதால் வருவது.

இலவசம் என்பதும் அவ்வளவு இலவசமில்லை. ஸ்வீடனில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஓராண்டில் சுமார் 1,400 குரோனா வரை சேர்ந்த பிறகுதான் அது நிற்கும். சிறப்பு மருத்துவரை 90 நாளில் பார்க்கலாம், அடுத்த 90 நாளில் சிகிச்சை என்று உத்தரவாதம் உண்டு. அந்த 90 நாட்கள் அடிக்கடி தவறும். ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டு வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டுகளை ஒட்டியது. விலையைப் பிடித்து வைத்தால் வரிசை நீளும், அவ்வளவுதான். 2015இல் 1,63,000 பேர் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அதிகத் தொடக்கக் கூலியும் மொழியும் வாசலை அடைக்க, வேலையில் உள்ளூரில் பிறந்தவருக்கும் வெளிநாட்டில் பிறந்தவருக்கும் இடையே பெரிய இடைவெளி இன்னும் இருக்கிறது.

ஓய்வூதியத்தில்தான் இவர்களுடைய கறார்த்தனத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஸ்வீடனில் சம்பளத்தின் 18.5% ஓய்வூதியத்துக்குப் போகிறது: 16% நடப்பு ஓய்வூதியருக்குச் செலவாகி உங்கள் பெயரில் கணக்காகிறது, 2.5% நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஃபண்டில் முதலீடாகிறது. ஓய்வூதியமாகக் கொடுக்க வேண்டிய மொத்தம் அதற்கான சொத்தைத் தாண்டினால் ஆண்டு உயர்வு தானாகக் குறையும், யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. 2010இல் அந்தப் பிரேக் முதல்முறை பிடித்தது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் தொகையே இறங்கியது. டென்மார்க் வயதை ஆயுளோடு கட்டிவிட்டது. 2025 மே மாதத்தில் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, 1970 டிசம்பர் 31க்குப் பின் பிறந்த டேனிஷ்காரர் 70 வயதில்தான் அரசு ஓய்வூதியம் வாங்க முடியும்.